இண்டூரைத் தாண்டணும்

இண்டூரில் எல்லா பஸ்ஸும் நிற்கும். அதை யாரும் ஒரு சேதியாகப் பேசுவதில்லை. நிர்மலா நின்றதைப் பற்றி மட்டும் ஊரே ரெண்டு வருஷமாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

அதுவும் ஒரு தடவை அல்ல, ரெண்டு தடவை நின்றிருந்தாள். தருமபுரி சைக்கிள் குழுவினர் வருஷாவருஷம் தை மாசத்தில் நடத்துகிற இருநூறு கிலோமீட்டர் பயணம் அது. காலை ஆறு மணிக்குத் தருமபுரியில் கிளம்பி, காரிமங்கலம் வழியாகக் கிருஷ்ணகிரி போய்த் திரும்ப வேண்டும். பிறகு தருமபுரியைத் தொட்டுவிட்டு, இண்டூர், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் வரை இறங்கி, அதே வழியில் மலை ஏறி வந்து, ராத்திரி ஏழரைக்குள் தருமபுரியில் கால் ஊன்ற வேண்டும். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. நேரத்துக்குள் வந்தால் கார்டில் ஒரு முத்திரை குத்துவார்கள். வராவிட்டால் பேருக்கு நேராக 'டிஎன்எஃப்' என்று எழுதுவார்கள். முடிக்கவில்லை என்பதற்கு இங்கிலீஷ் சுருக்கம். நாலு பேருக்கு நடுவில் 'நீ முடிக்கலை' என்று முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாதவர்கள் கண்டுபிடித்த மரியாதை.

நிர்மலா ரெண்டு தடவையும் கிருஷ்ணகிரி வெயிலைத் தாங்கினாள். ஒகேனக்கல் மலையை ஏறினாள். கடைசிப் பதிமூன்று கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது இண்டூரில், ரோட்டோரத்தில் இருக்கிற சொந்த வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். நின்றவள் அப்புறம் எழவில்லை.

"மலைய ஏறிட்டு சமதரையில படுத்துட்டாளாமே!" என்று ஊர் வாயில் கை வைத்தது. ஆபீஸில் இன்னும் மோசம். அவள் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுப்பவள். சுற்றுவட்டாரம் முழுக்க அவளுக்கு 'கரண்டக்கா' என்று பேர். ஆபீஸ் ஆட்களோ 'இண்டூர் எக்ஸ்பிரஸ்' என்று புதுப் பேர் வைத்தார்கள். தண்டவாளமே இல்லாத ஊருக்கு ஒரு எக்ஸ்பிரஸ். இண்டூரோடு நின்றுவிடுமாம். சொல்லிவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். நிர்மலாவும் கூடச் சிரிப்பாள். சிரித்துவிட்டு அன்றைக்கு மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடி வைத்துவிடுவாள்.

நாற்பது வயசுப் பெண்ணுக்கு இந்தச் சைக்கிள் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்கலாம். ஸ்கூட்டர் ரிப்பேரான ஒரு வாரம், மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளை எடுத்துக்கொண்டு ரீடிங்குக்குப் போனாள். ஸ்கூட்டர் சரியான பிறகும் சைக்கிளை விடவில்லை. ஒருநாள் அதகபாடி மேட்டில் சைக்கிள் குழு ஆண்டோ தன் கியர் சைக்கிளில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தபோது, சேலை கட்டிய ஒரு அம்மாள் ஓட்டைச் சைக்கிளில் பெல் அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். ஆண்டோ அசந்துபோய், விடாமல் விசாரித்து, வீடு தேடி வந்து அவளைக் குழுவில் சேர்த்து, ஓட்டுவதற்கு ஒரு கியர் சைக்கிளும் கொடுத்தார்.

மிதிக்கிற வித்தை அவளுக்கு வேலையிலிருந்தே வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்று எந்த ரீடிங்காரியும் காலையில் யோசிக்க மாட்டாள். யோசித்தால் அன்றைக்கு லீவு போட்டுவிடுவாள். அடுத்த வீடு, அதற்கடுத்து அடுத்த வீடு, அவ்வளவுதான் கணக்கு. சைக்கிளிலும் அதையே செய்தாள். ரோட்டோரத்து கரண்டு போஸ்ட்டைப் பார்த்து, 'அடுத்த போஸ்ட் வரைக்கும்' என்று மிதிப்பாள். அது வந்ததும் அதற்கடுத்தது. இப்படியே கிருஷ்ணகிரி வந்துவிடும், ஒகேனக்கலும் வந்துவிடும்.

தூரம் மிதிக்கிறவர்களுக்குக் கால் பெரிய எதிரி இல்லை. கால் வலிக்கும், கெஞ்சும், அப்புறம் அலுத்துப்போய்ச் சும்மா இருந்துவிடும். மனசுதான் சும்மா இருக்காது. முதலில் ஏதாவது ஒரு பழைய பாட்டின் ரெண்டே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். அப்புறம் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொன்ன சொல்லுக்கு இப்போது பதில் தேடும். முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்தாலே எரிச்சல் வரும், ஒரு காரணமும் இல்லாமல் கண்ணீர் வரும். இதெல்லாம் பரவாயில்லை, போகட்டும் என்று விடலாம். இருட்டுகிற நேரத்தில், உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லாதபோது, உள்ளேயிருந்து ஒரு குரல் ரொம்பப் பாசமாகப் பேச ஆரம்பிக்கும் பாருங்கள், அதுதான் ஆபத்து.

நிர்மலாவுக்கு அந்தக் குரல் அவளுடைய மாமியார் கோவிந்தம்மாள் குரலிலேயே வரும். "செத்த குந்து கண்ணு" என்று சொல்லும்.

கோவிந்தம்மாளைத் தப்பாக நினைத்துவிட வேண்டாம். மருமகளைக் கரித்துக்கொட்டுகிற மாமியார் என்றால் நிர்மலா எப்போதோ ஜெயித்திருப்பாள். வீம்புக்காவது மிதித்திருப்பாள். இந்த அம்மாளோ பாசத்தால் கொல்லுகிற ரகம். முதல் வருஷம் வாசலிலேயே சொம்புத் தண்ணியோடு காத்திருந்தாள். "செத்த குந்தித் தண்ணி குடிச்சுட்டுப் போ கண்ணு, மொகமெல்லாம் வாடிக் கெடக்குது." நிர்மலா குந்தினாள். தண்ணி குடித்தாள். உள்ளே அவரைக்கொட்டைக் குழம்பு கொதிக்கிற வாசம். மாமியார் அவள் காலை எடுத்து மடியில் போட்டு எண்ணெய் தேய்த்தாள். கால் இறுகிப் பிடித்துக்கொண்டது. மணி பார்த்தபோது ஏழே கால். அவ்வளவுதான். ரெண்டாவது வருஷம் நிர்மலா உஷாராக, நிற்கவே கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு வந்தாள். இருட்டில் வாசல் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. 'அடுத்த வூடு, அடுத்த வூடு' என்று வந்த மனசுக்கு அடுத்த வீடு சொந்த வீடாகவே வந்து நின்றால் என்ன செய்யும்? யாரும் கூப்பிடக்கூட இல்லை. தானாகவே பிரேக் பிடித்தாள். செத்த குந்தினால் செத்தோம் என்று தெரிந்தே குந்தினாள்.

அன்றைக்கு அவள் புருஷன் மாதவராஜ் தக்காளித் தோட்டத்திலிருந்து வந்து பார்த்தபோது, சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. இவள் அடுப்பங்கரைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"வுடு நிர்மலா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான் அவன். அவனுக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அது. தக்காளி விலை விழுந்தாலும் அதையேதான் சொல்வான்.

"இல்லீங்க, இது கால் வலி இல்ல" என்றாள் நிர்மலா. "மலையில நின்னா அங்க ஒண்ணுமே இல்ல, அதனால ஏறிடறேன். இங்க கதவு தொறந்திருக்குது. தொறந்திருக்கற கதவத் தாண்டி எப்படிங்க போறது? என்னால ஆவாதுங்க. எந்த வேலையுமே என்னால முழுசா ஆவாது போலிருக்குது."

மாதவராஜ் தலையைச் சொறிந்தான். அடுப்பங்கரையில் களி கிண்டிக்கொண்டிருந்த கோவிந்தம்மாளின் துடுப்புச் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி கேட்டது.

இந்த வருஷம் ஆண்டோ ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "அடுத்த வருசத்திலேருந்து ரூட்ட மாத்தறோங்கக்கா. ஒகேனக்கல் பக்கம் இனிமே இல்ல. முழுக்க கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கந்தான். உங்களுக்கு நல்லதுதான், வூட்டத் தாண்டற தொந்தரவே இருக்காது."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். நிர்மலாவுக்கோ அது நல்லதாகப் படவில்லை. வேறு ரோட்டில் நானூறு கிலோமீட்டர் மிதித்தாலும், இண்டூர் அவளைத் தோற்கடித்தது தோற்கடித்ததாகவே இருக்கும். தினமும் அந்த வாசலில்தான் ஏறி இறங்க வேண்டும். தன்னை நிறுத்திய படியையே ஆயுசுக்கும் மிதித்துக்கொண்டு வாழ்வதா? முடிந்தால் இந்தத் தையில் முடியும், இல்லையென்றால் இல்லை.

காலையில் கிளம்பும்போது பனி இறங்கியிருந்தது. காரிமங்கலம் வழியாகச் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகிற வண்டிகளுக்குப் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். கிருஷ்ணகிரியில் முத்திரை வாங்கித் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. நடுப்பகலில் தருமபுரியைத் தொட்டு, இண்டூர் வழியாகப் போனபோது, வாசலில் கோவிந்தம்மாள் நின்றிருந்தாள். போகிற வழியில் வீடு ஒரு பொருட்டே அல்ல, உடம்பில் தெம்பு இருக்கிறது. நிர்மலா கையை ஆட்டினாள். வழக்கமாக "தண்ணி குடிச்சுட்டுப் போ கண்ணு" என்று தெருவே கேட்கக் கத்துகிற மாமியார், இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தோட்டத்துக்குத் தண்ணி போகிறதா என்று பார்க்கிற மாதிரி, மருமகள் போகிற திசையையே பார்த்தாள். கோபமோ என்று நிர்மலாவுக்குத் தோன்றியது. அடுத்த போஸ்ட் வந்ததும் மறந்துவிட்டாள்.

பென்னாகரம் தாண்டிய டீக்கடையில் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, உடம்பை ஒட்டின பனியன் எல்லாவற்றையும் மீறி அவளை அடையாளம் கண்டுபிடித்த அவருடைய கண்ணுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். "கரண்டக்கா, இந்த மொற எங்க வூட்டுக்கு பில்லு ஏறிப்போச்சுங்க. மீட்டர் ஓடுது பாருங்க, குதிர மாதிரி ஓடுது." நிர்மலா சிரித்தே விட்டாள். "நானே இப்ப அப்படித்தாங்க ஓடிக்கிட்டிருக்கறேன். திங்கக்கெழம வந்து பாக்கறேன்." அந்தச் சிரிப்பு ஒகேனக்கல் இறக்கம் வரை கூட வந்தது.

திரும்பி மலை ஏறும்போதுதான் கெட்ட காலம் பிடித்தது. ரெண்டாவது வளைவில் சீமைக்கருவேல முள் குத்தி டயர் படுத்துவிட்டது. குரங்குகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, டியூபை மாற்றிக் காற்று அடிப்பதற்குள் கூட வந்தவர்கள் எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். கையில் செயின் கரி, முகத்தில் கரி. சேர்த்து வைத்திருந்த நேரமெல்லாம் அந்த ஒரு முள்ளில் போனது. மேலே ஏறி பென்னாகரம் வந்தபோது வெயில் மஞ்சளாகச் சாய்ந்துவிட்டது.

பென்னாகரத்திலிருந்து இண்டூர் வரை அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. வாயில் போட்ட கடலை மிட்டாய் மண்ணாட்டம் இருந்தது. ரெண்டு வரிப் பாட்டு ஓடியது, கல்யாண வீட்டுச் சண்டை ஓடியது. அப்புறம் எல்லாம் அடங்கி, பாசமான அந்தக் குரல் வந்தது.

'இனிமே எங்க கண்ணு நேரத்துக்குள்ள போறது? நேரந்தான் போயிருச்சே. யாரு உன்னை மிதிக்கச் சொன்னாங்க? வூடு வரப்போவுது. செத்த குந்து.'

'அடுத்த போஸ்ட்' என்றாள் நிர்மலா, சத்தமாகவே.

'சரி, போஸ்ட்டுதான். அந்தப் போஸ்ட்டுக்கு அடுத்ததுதான் நம்ம வூடு. குந்திட்டு, மொகங்கழுவிட்டு, சூடா ஒரு களி உருண்டை.'

அந்தக் குரலோடு எதிர்த்துப் பேச முடியாது. அது பொய் சொல்வதில்லை. அது சொல்வது எல்லாமே உண்மை. நேரம் குறைவுதான், வீடு பக்கத்தில்தான், களி சூடாகத்தான் இருக்கும். இண்டூர் எல்லைக்குள் வந்தபோது நிர்மலா மனசுக்குள் கையெழுத்தே போட்டுவிட்டாள். மூன்றாவது தடவையும் நிற்பது என்று முடிவு. அவமானம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. ரூட்டை மாற்றட்டும், பேரை எழுதட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அடுத்த போஸ்ட். அடுத்த போஸ்ட். அடுத்த வீடு.

பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி, தலையைத் தூக்கினாள்.

வீடு பூட்டியிருந்தது.

நிர்மலாவுக்கு முதலில் புரியவே இல்லை. கல்யாணம் ஆகி வந்து இத்தனை வருஷத்தில் அந்தக் கதவில் பூட்டுத் தொங்கி அவள் பார்த்ததில்லை. அந்த வீட்டுக்கென்று ஒரு பூட்டு வாங்கினதே கிடையாது. இப்போது தொங்குவது தோட்டத்து மோட்டார் ரூம் பூட்டு, துருப்பிடித்த பெரிய பூட்டு. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. இது விளக்கு வைக்கிற நேரம். விளக்கு வைக்கிற நேரத்தில் கதவைச் சாத்தினால் லட்சுமி திரும்பிப் போய்விடுவாள் என்று கோவிந்தம்மாளுக்கு அப்படி ஒரு கண்டிப்பு. அந்த நேரத்தில் யாரும் படுக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, தெருக்கதவு விரியத் திறந்திருக்க வேண்டும். மாதவராஜுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆன அன்றைக்குக்கூட, தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஏறி வந்து, கதவைத் திறந்து விளக்கு வைத்துவிட்டு, மறுபடி பஸ் ஏறிப் போனவள் அவள்.

அந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்றால்?

யாருக்கு என்ன ஆச்சு? மாதவராஜா? மாமியாரா? ஹாஸ்டலில் இருக்கிற மகளா? சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட நினைத்தவள், அப்போதுதான் கீழே பார்த்தாள். பூட்டிய கதவுக்கு வெளியே, வாசப்படியில், காற்றுப் படாமல் ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்து, அகல் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. படிக்குக் கோலமும் போட்டிருந்தது.

சாவு வீட்டுக்கு ஓடினவர்கள் கோலம் போட்டு விளக்கு வைத்துவிட்டா ஓடுவார்கள்?

எதிர்வீட்டு ராணியம்மாள் தன் வாசலில் நின்று முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ராணியக்கா, எங்க வூட்ல எல்லாரும் எங்கே?"

"தருமபுரிக்குப் போயிட்டாங்க. அஞ்சரை பஸ்ஸுக்கே போயாச்சு, அம்மாவும் மவனும்."

"எதுக்கு? சாவி?"

"சாவி உங்க அத்த மடியில. எங்கிட்டக் குடுக்கல. வெளக்க மட்டும் நேரத்துக்கு வெளியில வெக்கச் சொல்லிட்டுப் போச்சு. லட்சுமி வந்தா வாசல்லயே செத்த இருக்கட்டும், ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னுச்சு."

நிர்மலா சைக்கிளை எதிர்வீட்டுப் பக்கம் திருப்பினாள். "அக்கா, ஒரு வாய் தண்ணியாச்சும் குடுங்க."

ராணியம்மாளுக்கு இப்போது சிரிப்பு போய், கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷி. "குடுக்கக் கூடாதாம் கண்ணு. உன்னை எங்க வூட்டுப் படியிலகூடக் குந்த வெக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்குது. அவ தாகம்னு கேட்டா என்னா பண்றதுன்னு கேட்டேன். தருமபுரில நான் தரேன்னு சொல்லுன்னுச்சு. நீ போ. நிக்காத போ, என்னைப் பாவத்துக்கு ஆளாக்காத."

நிர்மலாவுக்குக் கோபம்தான் வந்தது. பசித்த வயிற்றோடு சொந்த வீட்டு வாசலில் பிச்சைக்காரி மாதிரி நிற்க வைத்துவிட்டார்களே என்று வந்த கோபம், பூட்டை இன்னொரு தடவை பார்த்ததும் உடைந்தது. போன வருஷம் அடுப்பங்கரையில் நின்றுபோன துடுப்புச் சத்தம் ஞாபகம் வந்தது. தொறந்திருக்கற கதவத் தாண்டி எப்படிங்க போறது என்று புருஷனிடம்தான் கேட்டாள். அவனுக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்தவள் அதை ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் வைத்திருந்து, இன்றைக்குப் பூட்டாகத் தொங்கவிட்டுப் போயிருக்கிறாள். மகனின் ஆபரேஷனுக்கும் சாத்தாத கதவு. மருமகள் ஒரு சைக்கிளில் ஒரு ஊரைத் தாண்ட வேண்டும் என்பதற்காகச் சாத்தியிருக்கிறது.

விளக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பாட்டிலின் அடியில் கிடந்த, வெயிலில் சுட்ட தண்ணியைக் குடித்தாள். பெடலை மிதித்தாள்.

இண்டூர் கடைசி வீடு பின்னால் போனபோது ஒரு விசித்திரம் நடந்தது. அந்தக் குரல் பேசவில்லை. எங்கே குந்தச் சொல்லும்? சொல்வதற்கு அதன் கையில் ஒரு இடம் இல்லை. மதகுக் கல்லில் குந்தலாம், பஸ் ஸ்டாப்பில் குந்தலாம், ஆனால் அங்கே களி இல்லை, எண்ணெய் இல்லை, மாமியாரின் மடி இல்லை. எல்லாம் தருமபுரிக்குப் போய்விட்டது. இவள் இப்போது பயணத்தை விட்டுவிட்டாலும் ராத்திரி வீட்டுக்குள் போக வேண்டுமானால் சாவிக்குத் தருமபுரிதான் போக வேண்டும். வீட்டுக்குப் போகிற வழியே இப்போது தருமபுரி வழியாகத்தான் போகிறது. இதை நினைத்ததும் அவளுக்கு நடு ரோட்டில் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே லைட் அடித்து வந்த பஸ் டிரைவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

அதகபாடி மேட்டில் மறுபடி கால் செத்தது. மூச்சு ஏறவில்லை. அங்கே குரல் ஒருமுறை எட்டிப் பார்த்தது. 'நேரம் ஆயிருச்சு, இனிமே போயி...' என்று இழுத்தது. "சாவி வாங்கணும், போ அந்தப் பக்கம்" என்றாள் நிர்மலா. இந்த மேட்டில்தானே ஆண்டோவை ஓட்டைச் சைக்கிளில் பெல் அடித்துத் தாண்டினாள். கியர் சைக்கிளில் பெல் இல்லை. அதனால் வாயாலேயே "டிரிங், டிரிங்" என்று சொல்லிக்கொண்டு ஏறினாள். நாற்பது வயசு அரசாங்க ஊழியர் செய்கிற காரியமா அது? இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது. அடுத்த போஸ்ட், அடுத்த போஸ்ட். சோகத்தூர் கூட்ரோட்டில் தெரு விளக்குகள் வரிசையாகத் தெரிந்தபோது எல்லா போஸ்ட்டும் ஒரே நேரத்தில் அவளைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

முடிகிற இடத்தில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, பத்திருபது பேர். அவ்வளவுதான், தோரணம் கீரணம் எதுவும் இல்லை. ஆண்டோ கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மாதவராஜ் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கோவிந்தம்மாள் மட்டும் வீட்டுப் பித்தளைச் சொம்பை மேலே ஒரு டம்ளர் கவிழ்த்து ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டோரத்தில் நின்றிருந்தாள். பஸ்ஸில் அத்தனை கூட்டத்திலும் ஒரு சொட்டு சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். மாதவராஜ் பிற்பாடு சொன்னான்.

நிர்மலா வந்து கால் ஊன்றினாள். கார்டை எடுத்து நீட்டினாள்.

மாதவராஜ் ஓடி வந்தான். கோவிந்தம்மாள் அவனை முழங்கையால் தடுத்தாள். மருமகளின் கரி படிந்த முகத்தைப் பார்த்ததும் சொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை. ஆண்டோவைத்தான் பார்த்தாள்.

"சார், மொதல்ல அந்த முத்திரையக் குத்துங்க. நேரத்துக்குள்ள வந்துட்டாளா, சொல்லுங்க."

ஆண்டோ கார்டை வாங்கிக் குத்தினார். "வந்துட்டாங்கம்மா. நாலு நிமிசம் மிச்சம் வெச்சே வந்துட்டாங்க. முடிச்சுட்டாங்க."

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். மலையில் அவளைத் தாண்டிப் போன பெங்களூர்க்காரர் ஒருவர், அரைகுறைத் தமிழில், "யாரு அம்மா இவங்க? உங்க மகளா?" என்று கோவிந்தம்மாளைக் கேட்டார்.

"மகளா?" கோவிந்தம்மாள் அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இண்டூருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "மருமவ. எங்க வூட்டு மருமவ. கிருஷ்ணகிரியத் தாண்டுனா, மலையத் தாண்டுனா, அதெல்லாம் யாரு வேணா தாண்டலாம். இவ இண்டூரத் தாண்டி வந்தவ."

சொல்லிவிட்டுத்தான் அவளுக்குக் கண்ணில் தண்ணி வந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆண்டோ பக்கம் திரும்பினாள்.

"இப்பத் தண்ணி குடுக்கலாங்களா சார்?"

ஆண்டோ தலையை ஆட்டினார்.

கோவிந்தம்மாள் டம்ளரை எடுத்துவிட்டு, சொம்போடு அப்படியே நீட்டினாள்.

"இப்ப செத்த குந்து கண்ணு."

நிர்மலா அந்த ரோட்டோரத்திலேயே, புழுதியில், காலை நீட்டிக் குந்தினாள்.